சுருட்டு அணையும் வரைதான் சாமி

ஜூலை 5, வெள்ளி

தை மாதம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மிக்ஸிக்கு அடியில் ஆட்டம் கொடுக்காமல் இருக்க வைத்திருந்தேன். இன்றைக்கு உருவி எடுத்துவிட்டேன். எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். மகளிடம் சொன்னால் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து அவள் ஒரு பாட்டு பாடுவாள்.

என் வீட்டுக்காரர் வீரமலை. இருபத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் தெருமுனை முனியப்பனுக்குச் சாமியாடி. செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சாமிக்கு முன்னால் உட்காருவார். கையில் சுருட்டைக் கொடுத்துப் பற்றவைப்பார்கள். நாலு இழுப்பில் சாமி வந்துவிடும். சுருட்டில் நெருப்பு இருக்கும் வரை குறி சொல்லும். நெருப்பு போனால் சாமியும் போய்விடும். அணைந்ததை மறுபடி பற்றவைக்கக்கூடாது, அது முனியப்பனைக் கையைப் பிடித்து இழுப்பது மாதிரி. மிச்ச ஜனம் அடுத்த முறை வரவேண்டியதுதான்.

அட்டையில் நம்பர் எழுதி டோக்கன் கொடுப்பது நான். சத்துணவு அமைப்பாளராக முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள், எனக்கு இது ஒரு வேலையா? ஆனால் இந்த ஜனத்துக்கு மூளை போகிற போக்கைப் பாருங்கள். சுருட்டு பெரிசாக இருந்தால் சாமி அதிக நேரம் இருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வேண்டுதல் என்று ஆளுக்கொரு அளவில் கொண்டுவருகிறார்கள். இன்றைக்குக் கோயில் கமிட்டித் தலைவர் பெரியண்ணன் கொண்டுவந்தது ஒரு சாண் நீளம், என் கட்டைவிரல் பருமன். சுருட்டா அது, உலக்கைக்குப் பிறந்தது. ஒரு மணி பத்து நிமிஷம் எரிந்தது. நான் அடுப்பில் வைத்துவிட்டுப் போன ரசம் சுண்டித் தொக்காகிவிட்டது.

முடிந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தார். எப்போதும்போல, "யார் யாருக்கு என்ன சொல்லுச்சு?" என்றார். சாமி வந்தபோது நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். பாதியில் இருமல் வந்துவிட்டது. இலை காரமாம். வேறு எந்த நேரத்திலும் பீடி, சிகரெட் என்று தொடாத மனுஷன். பங்குனியிலேயே நம் தெரு டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, புகை ஆகாது, பெரியாஸ்பத்திரியில் படம் எடுங்கள் என்று சீட்டு எழுதினாள். சீட்டு காலண்டருக்குப் பின்னால் மக்கிக்கொண்டிருக்கிறது. சாமி குடிக்கிற புகை என்னை என்ன செய்யும் என்று கேட்கிறார்.

ஜூலை 6, சனி

உறையூருக்குப் போய் மரியபுஷ்பத்தைப் பார்த்தேன். சந்துக்குள் வீட்டிலேயே சுருட்டு சுற்றுகிறவள். மாதாவுக்கு மெழுகுவத்தி, முனியப்பனுக்குச் சுருட்டு, ரெண்டும் நெருப்புத்தானே டீச்சரம்மா என்பாள். வாயாடி, ஆனால் கை சுத்தம்.

பெரியண்ணன் சுருட்டில் பாதி நீளத்துக்கு வேண்டும் என்றேன். சிரித்தாள். நீளத்தைப் பாதியாக்கினால் நேரமும் பாதிதான் குறையுமாம். பருமனைப் பாதியாக்கினால் கால்வாசிக்கு இறங்கிவிடுமாம். "குண்டுச் சுருட்டுதான் டீச்சரம்மா நின்னு தின்னும். ஒல்லி ஓடிரும்." யோசித்துப் பார்த்தால் சரிதான். வட்டத்தின் பரப்பளவு. எட்டாம் வகுப்பில் படித்தது, சோற்றுப் பானை வாங்கும்போதுகூட எனக்கு ஞாபகம் வந்தது, இதற்கு வரவில்லை பாருங்கள்.

கடைசியில் என் நடுவிரல் நீளம், சுண்டுவிரல் பருமன் என்று முடிவானது. நல்லா இழுக்கிற ஆளுக்கு இருபது நிமிஷம் என்றாள். இரண்டு மாதத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன். இனி கோயிலில் நான் கொடுக்கிற சுருட்டுதான். வேண்டுதல்காரர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுவரட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இருபத்திரண்டு நிமிஷம். ஐந்து பேருக்குத்தான் குறி கிடைத்தது. மிச்ச ஜனம் என்னை வாய்க்குள்ளேயே திட்டியது. பெரியண்ணன் வந்து, "அண்ணி, சாமியை இப்படி விரட்டுனா ஊருக்கு ஆகாது," என்றார். ஊருக்கு ஆகாவிட்டால் நீங்கள் வந்து உட்கார்ந்து இழுங்கள் என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாமி இன்றைக்கு நல்ல உக்கிரம். தம்பிக்குச் சேரவேண்டிய இடத்தை அமுக்கிக்கொண்டு வந்து நின்ற ஒருவனை, "எந்த மூஞ்சியைக் கொண்டு என் முன்னாடி நிக்கிறடா?" என்று ஒரு அதட்டல் போட்டது பாருங்கள், டீக்கடை வரைக்கும் கேட்டது. இருபத்திரண்டு வருஷம் பார்த்தும் எனக்கு முதுகு சில்லிட்டது.

காஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி உள்ளே வைக்க அவரைக் கூப்பிட்டேன். சிலிண்டர்காரனையே வைக்கச் சொன்னார்.

ஜூலை 12, வெள்ளி

அதே அளவுச் சுருட்டு. இருபத்தெட்டு நிமிஷம். கடிகாரம் தப்போ என்று செல்போனிலும் பார்த்தேன். அதுவும் அதைத்தான் சொல்லியது.

மேலத்தெரு பையன் வேலை மாறலாமா என்று கேட்டான். சாமி, "அடுத்த ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நிக்காதே தம்பி. வண்டி நிக்கட்டும்," என்றது. கூட்டம் ஆகா என்றது. எனக்குத்தான் எரிச்சல். முனியப்பன் என்றைக்கு அரசு பஸ்ஸில் வேலை பார்த்தார்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சாமி வாயை நான் கட்டிப்போட முடியுமா என்றார். மோரைப் பாதி வைத்துவிட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

முப்பத்து மூன்று நிமிஷம்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெரியண்ணன்தான். மரியபுஷ்பத்துக்குக் கையில் எதையோ திணித்துப் பருமனை ஏற்றச் சொல்லியிருக்கிறார். கமிட்டித் தலைவருக்குக் கூட்டம் குறைந்தால் தூக்கம் வராது.

சாமி இன்றைக்கு ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் "பார்த்து இறங்கும்மா" என்றது. படியே இல்லாத இடத்தில்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. தேங்காய்ப்பால் வைத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றார். ஏலக்காய் அதிகமாம். நான் போட்டது ஒரே ஒரு ஏலக்காய்.

ஜூலை 19, வெள்ளி

சுருட்டுக் கட்டைப் பிரித்துத் தையல் டேப்பால் ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சொன்ன அளவுதான். சமையலறைத் தராசில் வைத்தும் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கொன்று மிளகளவுகூட வித்தியாசம் இல்லை.

எரிந்தது நாற்பத்தொரு நிமிஷம். அப்படியென்றால் உள்ளே இலையை இறுக்கித் திணிக்கிறாள். இழுக்க முடியாமல் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது மனுஷனுக்கு. இரண்டு இழுப்புக்கு நடுவே சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். ஜனத்துக்கென்ன, சாமி நிதானமாகப் பேசுது என்று சந்தோஷம். எட்டு பேருக்குக் கிடைத்துவிட்டதாம். நாளைக்கு உறையூர் போய் அந்த மரியபுஷ்பத்தை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்.

ஜூலை 20, சனி

போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். பெரியண்ணன் என்ன கொடுத்தார், சாமி காரியத்தில் இப்படிச் செய்யலாமா, உன் மாதா பொறுப்பாளா என்று எல்லாம் கேட்டேன்.

அவள் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கண் முன்னாலேயே ஒன்று சுற்றினாள். நான் கொண்டுபோன கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். இரண்டையும் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த சைக்கிள்கடைக்காரரிடமும் அவர் கூட்டாளியிடமும் கொடுத்து இழுக்கச் சொன்னாள். நான் மணி பார்த்தேன். ஒன்று பத்தொன்பது நிமிஷம், ஒன்று இருபத்தொன்று. கோயில் கட்டிலிருந்து எடுத்ததுதான் பத்தொன்பது.

அவள் இலைத்தூளை மடியிலிருந்து தட்டிவிட்டுச் சொன்னாள்.

"சுருட்டு அதேதான் டீச்சரம்மா. இழுக்கிற மூச்சுதான் குறைஞ்சிருக்கு. இழுத்தாத்தானே எரியும்? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். கடைசி வருஷம் காலையில ஒண்ணு பத்தவெச்சாருன்னா மத்தியானம் வரைக்கும் கையில கெடந்துச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா, குடிக்கிறதைக் குறைச்சிட்டாருன்னு சந்தோஷப்பட்டேன்."

தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எவ்வளவு திமிர் இருந்தால் அவள் வீட்டுக்காரர் கதையை என் வீட்டுக்காரருக்குக் கொண்டுவந்து ஒட்டுவாள்? இலை பழசாக இருக்கும். ஆடிக் காற்றில் ஈரம் ஏறியிருக்கும். ஆயிரம் காரணம் இருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

சட்டை துவைத்தேன். காலர் பட்டனைப் போட்டபடியே தலை வழியாகக் கழற்றியிருக்கிறார். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை, அப்போது கழுத்தைப் பிடித்தது.

ஜூலை 23, செவ்வாய்

நாற்பத்தேழு.

இனிமேல் நிமிஷம் எழுதப்போவதில்லை.

கோயிலிலிருந்து வீட்டுக்கு அறுபது தப்படி இருக்குமா? கரண்ட் கம்பத்தடியில் நின்றார். தையல்கடை வாசலில் நின்றார். எதிரில் வந்தவரிடம் பேசுகிற மாதிரி நின்றார். எதிரில் வந்தது ஒரு ஆடு.

ஜூலை 26, வெள்ளி

இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டேன். மோரைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்டேன். முதலில் வெயில் என்றார். பிறகு வயசு என்றார். நான் விடவில்லை. குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அப்போது சொன்னார். "இருவத்திரண்டு வருஷமா நான் சாமி வாக்கைத் தாண்டி ஒரு காரியம் பண்ணதில்ல. பொண்ணு கல்யாணம், போர் போட்டது, எல்லாம் கேட்டுத்தான். சாமி போகச் சொல்லட்டும், போறேன்."

உங்கள் மேல்தானே சாமி வருகிறது, உங்களுக்கு யார் வந்து சொல்வது என்று கேட்டேன். எனக்காக வேறு யாராவது டோக்கன் வாங்கிக் கேட்டால் சொல்லும், பொண்ணு கல்யாணத்துக்கு என் அண்ணன்தானே நின்னு கேட்டான் என்றார். அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அது அவருக்கும் தெரியும்.

நான் இதுவரை ஒரு நாளும் வரிசையில் நின்றதில்லை. வீட்டில் கேட்டால் பதில் சொல்லாத மனுஷனிடம் கோயிலில் போய்க் கேட்பதா என்று ஒரு வீம்பு. சமையலில் உப்பு போதுமா என்றால்கூட உம் என்கிற மனுஷன், மேலத்தெரு பையனுக்கு அத்தனை வாக்கியம் சொல்கிறார். அந்த எரிச்சலும் உண்டு.

ஜூலை 30, செவ்வாய்

மழை. கோயிலில் உட்காரவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஆள் இவர்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நாளைக்கு ஆடி மூன்றாம் வெள்ளி. ஐம்பது அறுபது பேர் வருவார்கள். நானும் நிற்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது பாருங்கள் என் தலையெழுத்தை. சுருட்டைச் சின்னதாக்கியது நான். சின்னச் சுருட்டென்றால் எனக்கே முறை வராமல் போகலாம். பெரிய சுருட்டு வாங்கி வைத்தால் நிச்சயம் வரும், ஆனால் அத்தனை புகையும் அவர் நெஞ்சுக்குள் போகும். ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை வாங்குவதற்காக நானே அவருக்கு உலக்கையைக் கொளுத்திக் கொடுப்பதா? உறையூர் பஸ் ஏறிவிட்டேன். சந்துமுனை வரை போய் மரியபுஷ்பம் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். சின்னதே இருக்கட்டும்.

முதல் டோக்கனை நானே எடுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கவுன்சிலர் பெண்சாதி வந்தபோதே, பின்னால் போய் நில்லுங்கள் என்று அனுப்பியவள் நான். எனக்கென்று ஒரு சட்டமா?

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, கூழ் காய்ச்சி இறக்கிவிட்டுக் கோயிலுக்குப் போவதற்குள் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பதினாலு நானே வைத்துக்கொண்டேன். டோக்கன் கொடுக்கும் வேலையைத் தையல்கடைக்காரியிடம் விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றேன். பெரியண்ணன் வாயைப் பிளந்தார். அண்ணி, நீங்களா என்றார். ஏன், நான் இந்த ஊர் இல்லையா என்றேன்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். இப்போது அவர் இழுக்கிற வேகத்துக்கு ஐம்பத்தைந்து நிமிஷமாவது எரியும். ஆளுக்கு நாலு நிமிஷம் என்றால் என் முறை விளிம்பில் வந்துவிடும். அந்த நேரம் எனக்குப் போதாதே, இன்னும் கொஞ்சம் மெதுவாக இழுக்கக்கூடாதா என்று ஒரு எண்ணம் வந்தது. என் நாக்கில் சூடு வைக்க. இதற்காக ஒரு மனுஷிக்குச் சந்தோஷம் வருமா?

ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஏழு. எட்டு. ஒன்பதாவது ஆள் நகர்ந்தபோது நான் அவர் கண்ணுக்கு நேராக வந்துவிட்டேன். சாமி என்னைப் பார்த்தது. அப்புறம் சுருட்டைப் பார்த்தது. பத்தாவது ஆளுக்கு ஏதோ சொல்லியது, எனக்குக் காதில் விழவில்லை. நான் என் வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது சாமி, நீ சொன்னாத்தான் கேட்பார், நீ சொல்லு. அவ்வளவுதான் நான் கேட்கவேண்டியது.

பதினோராவது ஆளோடு சுருட்டு அணைந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே அணைந்துவிட்டது. நாற்பத்து மூன்று நிமிஷம்தான் ஆகியிருந்தது. சாமி மலையேறிடுச்சு என்று பெரியண்ணன் கத்தினார். கூட்டம் கலைந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் போய்விட்டார்கள். நான் கையில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். மழையில் இலை நமுத்துப்போயிருக்கும். வேறென்ன?

வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார், யார் யாருக்கு என்ன சொல்லுச்சு என்று. பதினோரு பேருக்குச் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். பிறகு சொன்னேன்.

"நானும் நின்னேன். உங்களைப் பத்திக் கேட்டேன். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுச்சு."

டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "சாமியே சொல்லிருச்சா?" என்றார். சொல்லிருச்சு என்றேன். "அப்பப் போவோம்," என்றார்.

சாமி சொன்னதைத்தான் சொன்னேன். இதில் மேற்கொண்டு எழுத ஒன்றும் இல்லை. சீட்டைக் காலண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்து மஞ்சள் பையில் வைத்துவிட்டேன். மாற்று வேட்டி, துண்டு, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

ஏழு மணிக்கே வந்து வரிசையில் நின்றோம். டாக்டர் சின்ன வயசுப் பையன், நல்ல பொறுமை. படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலது பக்க நுரையீரலுக்குக் கீழே தண்ணீர் கட்டியிருக்கிறதாம். பழைய புகையில் மூச்சுக்குழாய்களும் சுருங்கியிருக்கின்றனவாம். இன்றைக்கே வார்டில் சேர்த்துத் தண்ணீரை எடுத்து, ஏன் கட்டியது என்று சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசவேண்டியிருந்திருக்கும், இப்போது தேற்றிவிடலாம் அம்மா என்றார். சாமி சுருட்டைப் பற்றி நான் சொன்னதும், இனிமேல் புகை பக்கமே போகக்கூடாது, சாமிக்கும் சரி, ஆசாமிக்கும் சரி என்றார். இவர் தலையாட்டினார். சேர்க்கிற படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஊசிக்குக் கையை நீட்டினார்.

எனக்குத்தான் பகீரென்றது. சண்டைக்குத் தயாராக வந்தவள் நான். இரண்டு தடவையாவது எழுந்து வாசலுக்குப் போவார், சட்டையைப் பிடித்து இழுத்துவரவேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்படி ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தால் என்ன அர்த்தம்?

நடுவில் பெரியண்ணன் போன் செய்தார். செவ்வாய்க்கிழமைக்கு என்ன ஏற்பாடு என்றார். சாமி மெடிக்கல் லீவு போட்டிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வார்டில் கட்டில் காலியாகும் வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். ஏங்க, எல்லாத்துக்கும் சரி சரி என்கிறீர்களே, உடம்புக்கு என்ன என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். நடுவில் நடுவில் மூச்சு வாங்கியது.

"நேத்து உன்னைப் பாத்தேன் வல்லி. வரிசையில நின்னே."

சாமி பார்த்தது என்றேன்.

"சாமி வரல. மூணு வாரமா வரல. பத்தவெச்சா மூச்சு முட்டுது, அப்புறம் அது எங்கிட்டு வர்றது? ஜனம் உக்காந்திருக்கு, எந்திரிச்சுப் போக முடியல. நானா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"நீ வந்து நின்னுட்டே. நீ கேட்டா நான் என்ன சொல்றது? போன்னு சொல்லவும் பயம், போகாதேன்னு சாமி பேர்ல பொய் சொல்லவும் பயம். இழுக்காம வெச்சிருந்தேன். தானா அணைஞ்சிருச்சு."

அப்படியென்றால் நேற்று மோரைக் கையில் வைத்துக்கொண்டு, சாமியே சொல்லிருச்சா என்று கேட்டபோது அவருக்கு எல்லாம் தெரியும். நான் கண்ணைச் சிமிட்டாமல் முனியப்பன் பெயரில் புளுகியதை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் வந்தீர்களா என்றேன்.

"பள்ளிக்கூடத்துல ஒரு முட்டை உடைஞ்சாக்கூட உடைஞ்சுதுன்னு எழுதிவெக்கிறவ நீ. சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்றேன்னா எவ்வளவு பயந்திருக்கணும். அதான் வந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே எழுத? மூன்று வாரம் இந்த மனுஷன் சாமியும் இல்லாமல் மூச்சும் இல்லாமல் அங்கே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? அந்தப் பெஞ்சிலேயே வைத்து நன்றாகத் திட்டினேன். எதிரில் இருந்த அம்மாள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். திட்டிக்கொண்டே அழுதுவிட்டேன். ஆமாம், பயந்துபோய்த்தான் இருந்தேன், இருபது நாளாகத் தூங்கவில்லை, போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தாள். எனக்கெதுக்கு, நடந்தே வருகிறேன் என்று எழுந்தார். நாலு எட்டு வைத்தார், நின்றுவிட்டார். இந்தத் தடவை ஆடு மாடு எதையும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "முடியல வல்லி," என்றார்.

நாற்காலியை நான் வாங்கிக்கொண்டேன். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்.